செத்த காதுப் பக்கம்

ஜோகுபாளையத்துப் பள்ளிக்கூட மைதானம்.
தார்ப்பாய்க்கு மேலே ஆகஸ்டு தூறல்.
முன்னாள் ராணுவத்தாருக்குப் பதினொரு நாற்காலிகள்,
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டிய எண்.
எனக்கு நாலு. சவரிமுத்துவுக்கு ஐந்து.

"எடம் மாறிக்கடா எத்திராஜு.
புள்ளைங்க பாட்டு நல்ல காதுல உழட்டும்.
உன் பேச்சு செத்த காதுப் பக்கம் கெடக்கட்டும்."
மாறிக்கொண்டோம்.
பட்டாளத்தில் இதைவிடப் பெரிய உத்தரவுகளையே
இதைவிடக் குறைவாக யோசித்துச் செய்தவர்கள் நாங்கள்.

முதலில் கன்னடம், பிறகு இந்தி,
பிறகு இங்கிலீஷில் ஒன்று, கொடியைப் பற்றி.
பெரிய டிரம் பையன் பாட்டுக்கு அரைத் தப்படி முன்னால்
யாரும் துரத்தாமலே ஓடிக்கொண்டிருந்தான்.
இரண்டாம் வரிசையில் பல் விழுந்த பெண்
பாடவில்லை, வாயை மட்டும் அசைத்தாள்.
நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.
தமிழ்ப் பாட்டில் வாள் வந்தது, வேல் வந்தது.
நான் போருக்குக் கொண்டுபோனது ப்ளீச்சிங் பவுடர்.
கான்வாஸ் தொட்டி, கைப்பம்பு, ஒரு நீளக் குழாய்.
எழுபத்தொன்றில் என் வேலை
ஆற்றைக் குடிக்கிற தண்ணீராக்குவது.
அதற்கு இன்னும் யாரும் மெட்டுப் போடவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் அட்டையைப் பிரித்தாள்.
"நாற்காலி எண் ஐந்து!
டிசம்பர் இரவில், வெறும் கையால்
பதினேழு கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்தவர்!"
கைதட்டல் தார்ப்பாயைத் தூக்கியது.
நான் வாயைத் திறந்தேன்.
என் முழங்காலில் ஒரு கை அழுந்தியது.
"எழுந்திரு."
"டேய், அது நீ..."
"எழுந்திருடா."

எழுந்தேன்.
சிவப்புச் சால்வை தோளில் விழுந்தது.
பதினேழு என்பது ஒரு எண் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.
கத்தி முனையால் மண்ணைச் சாய்த்துக் குத்தி
மூச்சை நிறுத்தி, காத்திருந்து, விட்டு,
மறுபடி ஒரு சாண்.
அது பதினேழு முறை.
அட்டை பதினேழில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது.
பதினெட்டாவதை எடுக்கப் போனவன் பெயர் குஞ்ஞாப்பு.
மூன்றாம் சுற்று ரம்மில் ஒரே ஒரு தடவை
சவரிமுத்து அதைச் சொல்லியிருக்கிறான்.
அவன் காது போனதும் அந்தச் சத்தத்தில்தான்.
நானூறு குழந்தைகள் எனக்குக் கைதட்டுகிறார்கள்.
குஞ்ஞாப்புவை நான் பார்த்ததுகூட இல்லை.
அவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டு
உட்கார இடம் தேடினேன், நின்ற இடத்திலேயே.

"நாற்காலி எண் நாலு.
குடிநீர் வழங்கியவர்."
தூறல் அளவுக்குக் கைதட்டல்.
சவரிமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்தான்.
"வாட்டர் அங்கிள்!" என்று எவனோ ஒரு வாண்டு கத்த
மைதானமே சிரித்தது,
அவனும் சிரித்தான், ஈறு தெரிய.
அவன் ஈறு கறுப்பு என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அல்சூர் ஏரி ஓரம், பஸ் ஸ்டாப்.
ஆளுக்கொரு லட்டு, ஆளுக்கொரு சமோசா,
ஒரே குடை.
சால்வையை மடித்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
"நாப்பத்தெட்டு வருஷமா நான்தானே சொமந்துக்கினு திரியறேன்.
ராத்திரிக்கு நீ வெச்சுக்கோ.
தண்ணி குடுத்தவனா இருந்து பாத்தேன்டா,
நல்லாக்கீது."

சிவாஜிநகர் பஸ் வந்தது.
எனக்குப் போர்த்த வேண்டிய நீலச் சால்வையைத்
தலையில் முண்டாசாகச் சுற்றிக்கொண்டு ஏறினான்.
"காலையில கொண்டாந்து தர்றேன்" என்று கத்தினேன்.
திரும்பவில்லை.
பஸ் கிளம்பிய பிறகுதான் கவனித்தேன்,
நான் நின்று கத்தியது
அவனுடைய வலப்பக்கம்.